ஒலிபரப்பாகாத இரவுகள்

என் மனைவியிடம் கல்லூரி வானொலியைப் பற்றி மட்டும் பேச்செடுத்துவிடாதீர்கள். கல்யாணமான புதிதில், அது ஏதோ இனிமையான விஷயம் என்று நினைத்து நானாகவே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"காலேஜ்ல படிக்கும்போது ராத்திரி ரேடியோவுல பேசுவியாமே. உங்க அண்ணன் சொன்னாரு."

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பேசினேன். யார் கேட்டாங்கன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

நான் அதைத்தான் கேட்டேன். அன்றைக்குச் சாப்பாடு மிகவும் தாமதமானது. காய் பாதி நறுக்கினபடியே கிடந்தது.

மின்தடைப் புகார் பிரிவில்தான் அவளுக்கு வேலை. கரண்ட் போனால் ஊர்க்காரர்கள் போன் போட்டுத் திட்டுவார்களே, அந்தத் திட்டை வாங்கிக்கொள்கிற மேசை. "சொல்லுங்க, எந்தத் தெரு?" என்று அவள் கேட்டாலே எதிர்முனையில் இருப்பவர்கள் கொஞ்சம் அடங்கிவிடுவார்கள். அவள் குரல் அப்படி. தாழ்ந்த குரல், அடித்தொண்டையில் லேசான கரகரப்பு. புதிதாகக் கேட்பவர்கள் முதலில் "ஜலதோஷமா?" என்று விசாரிப்பார்கள். பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் "ஆமா" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறாள்.

அந்தக் குரலால் வந்த வினைதான் எல்லாமே.

அவள் படித்த கல்லூரியில் மாணவர்களே நடத்தும் சின்ன வானொலி நிலையம் ஒன்று இருந்தது. கல்லூரியைச் சுற்றி நாலு தெருவுக்குக் கேட்டால் பெரிது. அதற்குத் தலைவன் மேல்வகுப்புப் பையன் ஒருவன். சாப்பிடும்போது கரண்டியைக் கூட வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு பேசுவான் என்பதால் எல்லாரும் அவனை 'மைக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் தேர்வுக்கு இவள் போய் ஒரு பக்கம் படித்துக் காட்டியிருக்கிறாள். மைக்கு கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். முடிந்ததும் கொட்டாவி விட்டான்.

"தப்பா நெனச்சுக்காத. உன் குரலைக் கேட்டா தூக்கம் வருது."

"அப்ப ராத்திரி ஷோ குடுங்க" என்றாள் இவள்.

ராத்திரி ஷோ என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. பத்து மணியோடு கடை கட்டிவிடுவார்கள். ஆனால் இவள் விடவில்லை. கேன்டீனில் பிடித்தாள், படிக்கட்டில் பிடித்தாள், அவன் கிரிக்கெட் ஆடும்போது எல்லைக்கோட்டில் நின்று கத்தினாள். கடைசியில் அவன், "சரி, சரி, பதினொண்ணுலேர்ந்து ஒரு மணி நேரம். உயிரை எடுக்காத" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான்.

விடுதி வார்டனிடம் அனுமதி வாங்கியது தனிக் கதை. பெண்பிள்ளையை அந்நேரத்தில் தனியே அனுப்ப முடியாது என்றார் அந்த அம்மா. விடுதிக் காவலுக்கு இருந்த அக்கா துணைக்கு வருகிறேன் என்று சொன்ன பிறகுதான் மனம் இறங்கினார். காவல்கார அக்காவின் துணை எப்படிப்பட்டதென்றால், வானொலி அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்காருவார். இவள் முதல் பாட்டைப் போடுவதற்குள் குறட்டை கேட்கும். கதவைச் சாத்தாவிட்டால் அதுவும் மைக்கில் ஏறிவிடும்.

அந்த அறையை என் கண்முன் கொண்டுவந்து நிறுத்துகிற அளவுக்கு அவள் சொல்லியிருக்கிறாள். சோதனைக்கூடத்துக்குப் பக்கத்தில், பழைய சாமான் போட்டு வைக்கிற அறை அது. எதிரொலி வராமல் இருக்க விடுதியில் கழித்துக் கட்டிய மெத்தைகளைச் சுவரெல்லாம் ஆணி வைத்து அறைந்திருந்தார்கள். யார் யாரோ தூங்கிய மெத்தைகள். மின்விசிறி போட்டால் அந்த இரைச்சல் மைக்கில் விழும், அதனால் போடக் கூடாது. வியர்த்து ஒழுகும். மைக்கைத் திறந்தால் ஒரு சிவப்பு பல்பு எரியும். மேசையில் ஒரு போன். பேசுகிறவர் தன் பேச்சைத் தானே சரிபார்த்துக்கொள்ள மூலையில் ஒரு ஸ்பீக்கர்.

பேசும் அறைதான் இங்கே. அந்தப் பேச்சை வெளியே அனுப்புகிற ஒலிபரப்பு மெஷின், எதிரே நூலகக் கட்டடத்து மொட்டைமாடியில் பூட்டிய தகரக் கொட்டகைக்குள் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆபரேட்டர் அண்ணன். இவளுக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமே வரவில்லை.

நிகழ்ச்சிக்கு 'தூங்காதவர்களுக்கு' என்று பெயர் வைத்தாள். வகுப்பு முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து அன்றைக்குப் பேச வேண்டியதை எழுதுவாள். பேருந்தில் இடம் பிடிக்கக் கைக்குட்டை போட்டவரும் குடை போட்டவரும் சண்டையிட, மூன்றாவதாக ஒருவர் நிம்மதியாக உட்கார்ந்து ஊர் போய்ச் சேர்ந்த கதை. தேர்வுக்கு முதல் நாள் மட்டும் அறையைச் சுத்தம் செய்கிறவர்களைப் பற்றி ஒரு ஆராய்ச்சி. நடுவில் பாட்டு. முடிவில் ஒரு கேள்வி கேட்டு, "தெரிந்தவர்கள் போன் செய்யுங்கள், காத்திருக்கிறேன்" என்பாள்.

காத்திருப்பாள். போன் அடிக்கும். பாய்ந்து எடுப்பாள்.

"ஹலோ, ஸ்டாண்டா? ஒரு வண்டி அனுப்புங்க."

அந்த எண்ணுக்கும் பக்கத்து வாடகைக் கார் நிறுத்தத்து எண்ணுக்கும் கடைசி இலக்கம்தான் வித்தியாசம். தூக்கக் கலக்கத்தில் சுழற்றுகிறவர்கள் எல்லாரும் இவளிடம்தான் வந்து விழுவார்கள். "இது ஸ்டாண்டு இல்லைங்க, ரேடியோ" என்றால், "ரேடியோவை அணைச்சுட்டு வண்டியை அனுப்புய்யா" என்று கத்துவார்கள். 'ய்யா' வேறு. குரலைக் கேட்டு ஆம்பளை என்று நினைத்துக்கொள்வார்கள்.

நிகழ்ச்சிக்கென்று ஒரு போன்கூட வந்ததில்லை. நன்றாக இல்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் கஷ்டப்பட்டு எழுதினாள். பாட்டை மாற்றிப் பார்த்தாள். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துக்கொண்டே பேசிப் பழகினாள். ஒரே ஆறுதல், விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த தோழி. தடிமனான கண்ணாடி போட்டதால் அவளுக்கு 'சோடாபுட்டி' என்று பெயர். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "கேட்டேன்டி, சூப்பர்" என்பாள்.

"எது பிடிச்சுது?"

"அந்த... கடைசிப் பாட்டு."

கடைசிப் பாட்டு என்று ஒன்று எப்படியும் இருக்கத்தானே செய்யும். இவளுக்கு அது உறைக்கவில்லை.

இப்படியே அந்தப் பருவம் முழுக்க ஓடியது. முடிகிற சமயத்தில் ஒரு ராத்திரி போன் வந்தது. வழக்கம்போல ஸ்டாண்டைத் தேடி வந்த போன்தான். ஆனால் பேசிய பெண் திட்டவில்லை.

"டிரைவர் இல்லையா? ரேடியோவா? இந்நேரத்துக்கு என்னம்மா ரேடியோ?"

பக்கத்து ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலை பார்க்கும் நர்ஸ் அவர். வேலை நடுவில் வீட்டுக்கு அவசரமாகப் போக வண்டி தேடியிருக்கிறார். இவள் விஷயத்தைச் சொன்னதும், "அட, எங்க வார்டுல தூக்கம் வராம நெறைய பேர் கெடக்கறாங்கம்மா. நாளைக்குப் போட்டு விடறேன். எதுல வரும் சொல்லு" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் இவளுக்குக் காலே தரையில் பாவவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காகத் தனியாக எழுதினாள். ஊசி, மருந்து என்று எதுவும் வராமல், சிரிக்கிற மாதிரி. பேசி முடித்ததும் போன் அடித்தது.

"ஒண்ணும் வரலையேம்மா. முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளிப் பாத்துட்டேன். சர்ருன்னு சத்தம்தான் வருது."

உங்கள் ரேடியோவில்தான் கோளாறு இருக்கும் என்று இவள் சமாதானம் சொன்னாள். சொல்லிவிட்டாலும் மனசு கேட்கவில்லை. ஒரு பாட்டை ஓடவிட்டு வெளியே வந்தாள். காவல்கார அக்காவின் மடியில் கையடக்க ரேடியோ ஒன்று இருந்தது. அவரை எழுப்பாமல் மெல்ல எடுத்து, அறைக்குள் கொண்டுவந்து தங்கள் நிலையத்தின் எண்ணுக்கு முள்ளை வைத்தாள். சர்ர்ர். மைக்கைத் திறந்து "ஹலோ" என்றாள். சிவப்பு பல்பு எரிந்தது. மூலை ஸ்பீக்கரில் அவள் குரல் கணீரென்று கேட்டது. காதோடு வைத்திருந்த ரேடியோவில் சர்ர்ர்.

"ஹலோ. ஹலோ. கேக்குதா?"

சத்தம் கேட்டுக் காவல்கார அக்கா கண்ணைத் தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தார். "என்னம்மா?"

"அக்கா, ரேடியோவுல ஒண்ணுமே வரலக்கா."

"எப்படி வரும்? மெஷினைத்தான் பத்து மணிக்கே அணைச்சிடுவாங்களே. ஆபரேட்டர் தம்பி பூட்டிட்டு என்கிட்ட சொல்லிட்டுத்தானே போகும்."

"தினமுமா?"

"தினமும்தான்."

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமே. நீ என்னமோ பேசிப் பழகறேன்னு நெனச்சேன். பரீட்சைக்குச் சில பொண்ணுங்க சுவத்தைப் பாத்துச் சொல்லிப் பாக்கும்ல, அந்த மாதிரி."

அந்த நிமிஷம் என்ன தோன்றியது என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் தோணலை. பாட்டு முடிஞ்சுது. நான் பாட்டுக்கு மைக்ல போய், இத்துடன் இன்றைய நிகழ்ச்சி நிறைவடைகிறது, வணக்கம்னு சொல்லிட்டு லைட்டை அணைச்சேன். யாருக்குச் சொன்னேன்னு கேளுங்க. அந்த மெத்தைங்களுக்கு" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் இருந்ததுதான் அன்று நான் செய்த புத்திசாலித்தனம்.

மறுநாள் காலை ஆபரேட்டர் அண்ணனைப் பிடித்தாள். அவர் மேல் குற்றம் சொல்ல வழியில்லை. "அந்த மெஷின் சூடாகும்மா. பக்கத்துல ஆள் இல்லாம ஓட விடக் கூடாது. எனக்கு ராத்திரி டூட்டி கிடையாது. மொத நாளே மைக்குத் தம்பிகிட்ட சொல்லிட்டேனே" என்றார்.

மைக்கு கேன்டீனில் இருந்தான். இவளைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தான்.

"உக்காருங்க. மெஷின் ஓடாதுன்னு உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"நீ ரொம்ப ஆசையா கேட்ட. இல்லைன்னு சொல்ல மனசு வரல."

"அதுக்கு?"

"ஒரு பிராக்டிஸ்னு வெச்சுக்கயேன். நல்லாத்தான் பேசினே. எல்லாரும் சொன்னாங்க."

"எவன் சொன்னான்? எதைக் கேட்டுட்டுச் சொன்னான்?"

கேன்டீனே திரும்பிப் பார்த்திருக்கிறது. அவன் முன்னால் இருந்த தேநீர் அவன் சட்டையில் போய் விழுந்ததாக அவள் அண்ணன் சொல்வார். அவள் அதை ஒப்புக்கொண்டதும் இல்லை, மறுத்ததும் இல்லை.

சோடாபுட்டியிடம் கேட்டபோது அவள் அழுதுவிட்டாள். "நீ தினமும் காலையில வந்து என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிப்ப. தூங்கிட்டேன்னு சொல்ல மனசு வரலைடி." அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. ஒரே அறையில் இருந்துகொண்டு, ஒரே பக்கெட்டைப் பகிர்ந்துகொண்டு, முகம் பார்க்காமல் அந்த வருஷத்தை ஓட்டினார்கள். இவளுக்கு மைக்கு மேல் இருந்ததைவிட சோடாபுட்டி மேல்தான் ஆத்திரம். "அவன் ஏமாத்தினான், சரி. இவ பாராட்டினாளே" என்பாள்.

இன்னொருத்தியாக இருந்தால் அன்றோடு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டாள். இவள் முதல்வர் அறை வாசலில் போய் நின்றாள். அவர் "பாக்கலாம்மா" என்றார். மறுபடி போய் நின்றாள். அவர் "கொஞ்சம் பொறும்மா" என்றார். அவர் காரில் ஏறுகிற இடம், இறங்குகிற இடம், கை கழுவுகிற இடம் என்று எல்லா இடத்திலும் இவள் நின்றதில் மனிதர் வெறுத்துப்போய், அடுத்த பருவத்திலிருந்து சனிக்கிழமை மட்டும் நடத்திக்கொள்ளலாம், ஆனால் மெஷின் பக்கத்தில் விழித்துக்கொண்டு ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். விழித்துக்கொண்டு இருக்கக் காவல்கார அக்கா முன்வந்தார். அவர் மொட்டைமாடியில் ரேடியோவும் கையுமாக உட்கார, ஆபரேட்டர் அண்ணன் அவருக்கு எந்தப் பொத்தானை அழுத்தினால் மெஷின் அணையும் என்பதை மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

அந்த முதல் சனிக்கிழமை என்ன ஆயிற்று தெரியுமா? சிவப்பு பல்பு எரிந்ததும் இவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மெத்தைகளைப் பார்த்து ஒரு பருவம் முழுக்கப் பொழிந்தவளுக்கு, நிஜமாகவே யாரோ கேட்கிறார்கள் என்றதும் ஒரு வார்த்தை வரவில்லை. "வணக்கம்" என்றாள், இருமினாள், பாட்டைப் போட்டாள். அது முடிந்ததும் பயத்தில் அதே பாட்டையே மறுபடி போட்டாள். எழுதி வைத்திருந்த நல்ல பகுதியெல்லாம் காகிதத்திலேயே கிடந்தது. நடுவில் வண்டி கேட்டு ஒரு போன். அப்புறம் நர்ஸ்.

"வருதும்மா, நல்லாக் கேக்குது. உனக்கு என்ன, ஜலதோஷமா?"

அந்த நர்ஸ் அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை. பகல் வேலைக்கு மாற்றினார்களோ, வேறு ஊருக்குப் போனாரோ தெரியாது. பேர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லையே என்று இவள் இன்றைக்கும் தன்னைத்தானே நொந்துகொள்வாள். நாக்கு பழகி, பேச்சு சூடு பிடிக்கத் தொடங்கியபோது தேர்வு வந்தது. தேர்வு முடிந்து திரும்பினால், மழையில் கொட்டகை ஒழுகி மெஷின் நனைந்து செத்துப்போயிருந்தது. அதைச் சரி செய்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இவள் படிப்பு முடிந்து வெளியே வந்துவிட்டாள்.

பேசியதில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை. அங்கே எதையும் பதிவு செய்யும் வழக்கம் கிடையாது. பெரிய வானொலிகளுக்குப் போய்ப் பார்த்தாள். ஒரு இடத்தில் குரல் கனமாக இருக்கிறது என்றார்கள், இன்னொரு இடத்தில் முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். "உண்டுன்னு சொல்லவா, இல்லைன்னு சொல்லவா? நீங்களே சொல்லுங்க" என்று இவள் என்னைக் கேட்பாள், ஏதோ அந்தத் தேர்வாளன் நான்தான் என்பதுபோல. அப்புறம் மின்தடைப் புகார் மேசை. வேலை போரடிக்கிறது என்று சொல்ல மாட்டாள். இங்கே போன் அடித்தால் நிச்சயம் நம்மைத் தேடித்தான் அடிக்கிறது என்பாள்.

போன வருஷம் அந்தக் கல்லூரியில் பழைய மாணவர் சந்திப்பு. நான்தான் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவன், இந்த மாதிரி கூட்டத்துக்கெல்லாம் போய்ப் பழக்கமில்லை, வேடிக்கை பார்க்கிற ஆசை. மேடையில் மைக்கு. இப்போது விளம்பரக் கம்பெனி நடத்துகிறானாம், தொப்பையும் தாடியுமாக ஆள் பளபளவென்று இருந்தான். எங்களைப் பார்த்துவிட்டான்.

"இதோ உக்காந்திருக்காங்களே, இவங்கதான் 'தூங்காதவர்களுக்கு'! அந்த டெர்ம் பரீட்சைக்கு நாங்க எல்லாரும் ராத்திரி இவங்க குரலைக் கேட்டுக்கிட்டேதான் படிச்சோம்!"

அரங்கம் முழுக்கக் கைதட்டல். எனக்கு முன்வரிசையில் இருந்த வழுக்கைத் தலையர் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆமாய்யா, ஞாபகம் இருக்கு" என்று உருகினார். என் மனைவி பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. தடுப்பதற்குள் மேடை ஏறிவிட்டாள்.

"அந்த டெர்ம் முழுக்க மெஷின் அணைஞ்சிருந்துச்சு. நான் பேசினது யாருக்குமே கேக்கலை. கேட்டதா சொல்றவங்க எல்லாரும் பொய் சொல்றீங்க."

 அரங்கமே குலுங்கிச் சிரித்தது. மைக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, அதே கிண்டல்! இதைத்தான் அப்பவும் கேட்டோம்" என்றான். இன்னும் பலத்த கைதட்டல். அவள் கையிலிருந்த மைக்கை அவன் தலையில் போடாமல் மேசை மேல் வைத்தாளே, அதுவரைக்கும் நல்லது.

அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். தடிமனான கண்ணாடி. "அவ சொல்றது நிஜம்" என்று கத்தினாள். "நான் அவ ரூம்மேட். தினமும் கேட்டேன்னு சொன்னேன். ஒரு நாள்கூடக் கேக்கலை. தூங்கிட்டேன்."

அதற்கும் சிரித்தார்கள். நிகழ்ச்சிக்காக ஒத்திகை பார்த்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

சாப்பாட்டுக்கு நிற்காமல் வெளியே வந்தோம். சோடாபுட்டி பின்னாலேயே ஓடிவந்தாள். வாகனங்கள் நிற்கும் இடத்தில், ஒரு சிமென்ட் மேடையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நான் தள்ளி நின்றேன். ஆனால் இவள் குரல்தான் தூரத்துக்கும் கேட்குமே.

"இப்ப சொல்லி என்ன பிரயோஜனம்? அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே மெஷினைப் போய்ப் பாத்திருப்பேன்ல?"

"தப்புதான்."

"ஒரு டெர்ம்டி."

"தப்புதான்னு சொல்றேன்ல." சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அப்படி என்னதான் பேசின? இப்பவாவது சொல்லேன்."

இவள் வாயைத் திறந்தாள். பேருந்தில் கைக்குட்டை போட்டவர் கதையைத் தொடங்கினாள். குடை போட்டவர் வரை வந்தது, அவர்கள் பேசிக்கொண்டது வரவில்லை. தேர்வு ஆராய்ச்சியை எடுத்தாள், அதிலும் முதல் இரண்டு வரிதான் நினைவில் இருந்தது. ஆஸ்பத்திரிக்காக எழுதியது சுத்தமாகப் போயிருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். கேட்டவள் இவள் ஒருத்திதான், இவளுக்கும் மறந்துவிட்டது.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள் கடைசியில், எரிச்சலோடு. "நிஜமாவே நல்லா இருந்துச்சுடி."

"இருந்திருக்கும்" என்றாள் சோடாபுட்டி.

"நீ ஒண்ணும் சொல்லாத."

வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். என்னால்தான் போனோமாம். மறுநாள் காலை வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பார்த்து ஊரில் பாதி இடத்தில் கரண்ட் இல்லை, சாயந்தரம் தொண்டை கட்டித் திரும்பினாள்.

சோடாபுட்டி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். இருவரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். பெரும்பாலும் சண்டைதான். மைக்கு கல்லூரி ஆண்டு மலரில் அந்தப் பொய்யை அச்சிலேயே போட்டுவிட்டானாம், அதற்கு மறுப்பு எழுதி அனுப்பலாமா வேண்டாமா என்று போன வாரம் வாக்குவாதம். என் மனைவி எழுதியே ஆக வேண்டும் என்கிறாள். சோடாபுட்டி, யாரும் படிக்க மாட்டார்கள், விடு என்கிறாள். அந்த வார்த்தைக்கு இவள் போனை வைத்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து இவளே திரும்பக் கூப்பிட்டாள்.